வெளியே கசியாத வெப்பம்

பனிக்கரடியின் உடம்புக்குள் இருக்கும் சூடு ஏறத்தாழ 37 டிகிரி. நம்முடையதும் அதுவேதான். ஆர்க்டிக் குளிர்காலத்தில் அதன் முதுகைத் தொட்டுப் போகும் காற்றோ மைனஸ் 30 டிகிரி, சில நாட்களில் மைனஸ் 40. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் கொழுப்பு, ஒரு தோல், அதன்மேல் ரோமம். மூன்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு சாண் கனத்தைத் தாண்டாது. எழுபது டிகிரி வித்தியாசம் அந்த ஒரு சாணுக்குள் அடங்கிக் கிடக்கிறது. கொஞ்ச காலமாக என் மனம் அந்த ஒரு சாணைச் சுற்றியே வருகிறது.

உடம்புச் சூட்டை வைத்து இருட்டிலும் விலங்குகளைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் பனிக்கரடியிடம் வந்து திணறுகின்றன. ரோமத்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள பனியின் அளவுக்கே குளிர்ந்து கிடப்பதால், ஐந்நூறு கிலோ எடையுள்ள ஆண் கரடிகூடப் படத்தில் பனியோடு பனியாகிவிடும். முகம் கொஞ்சம் தெரியும். விடும் மூச்சு தெரியும். அவ்வளவுதான். 1974-இல் டேவிட் லவீன், நில்ஸ் ஓரிட்ஸ்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். புற ஊதாக் கதிரில் படம் எடுத்தார்கள். பனி அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பி வெளேரென்று நிற்க, கரடி மட்டும் கன்னங்கரேலென்று பதிவானது. அதன் ரோமம் புற ஊதாவை விழுங்கிக்கொண்டிருந்தது.

பனிக்கரடி குளிரைத் தாங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தச் செய்திகளைப் படித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. ஆரோக்கியமான ஒரு கரடியிடம் குளிர் வந்து சேர்வதே இல்லை. வெளிநுனியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே எரிவது வெளியே கசியவில்லை என்றால், தாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது.

*

அந்த ரோமத்துக்கு வெள்ளை நிறம் கிடையாது. எந்த நிறமும் கிடையாது. வெளிப்புறத்து நீள முடிகளில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவத் தெரியும், நடுவில் வெற்றிடம். உள்ளே நுழைந்த ஒளி சிதறித் திரும்பி வரும்போது நம் கண் அதை வெள்ளை என்கிறது. அதே கரடி மாலை வெயிலில் மஞ்சளாகத் தெரியும். சீல் கொழுப்பின் எண்ணெய் ஊறிப்போனாலும் மஞ்சளாகத் தெரியும். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் தோல் கறுப்பு. மூக்கும் உதடும் கறுப்பு. உலகமே வெள்ளை விலங்கு என்று பெயர் சூட்டிய ஒன்று, தன் தோலளவில் கறுப்பு விலங்காக இருக்கிறது.

நீள முடிகளுக்கு அடியில் குட்டையாகவும் நெருக்கமாகவும் இன்னொரு ரோமப் படுகை. காப்பாற்றும் வேலையைச் செய்வது உண்மையில் முடி இல்லை, முடிகளுக்கிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. காற்று அசையாதவரை வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. அசைந்தால் போயிற்று. மேலே உள்ள நீள முடிகள் காற்றடியை வாங்கிக்கொள்கின்றன, உள்ரோமம் உள்காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. காதுகள் சிறியவை, வால் சில அங்குலம்தான். வெப்பம் ஒழுகிப் போகக்கூடிய ஓரங்களையெல்லாம் உடம்பு உள்ளுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. உடம்பு பெரிதாகப் பெரிதாக, அதன் எடைக்கு வெளியே தெரியும் பரப்பு குறைகிறது. அந்தக் கணக்கும் கரடிக்குச் சாதகம்.

ஒரு காலத்தில் அழகான ஒரு கதை பரவியது. அந்த வெற்று முடிகள் சூரியனின் புற ஊதாக் கதிரை நுனியில் வாங்கி, தம் வழியே கொண்டுபோய், கறுப்புத் தோலில் சேர்த்து உடம்பைச் சூடாக்குகின்றன என்று. புத்தகங்களில் வந்தது, இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் டேனியல் கூன் பனிக்கரடியின் முடியை எடுத்து அளந்து பார்த்து 1998-இல் முடிவை வெளியிட்டார். முடியில் ஒரு அங்குலம் போவதற்குள் புற ஊதா ஏறக்குறைய முழுவதும் தொலைந்துவிடுகிறது. 1974-இன் படத்திலேயே பாதி விடை இருந்ததுதான். ரோமம் விழுங்கிவிட்ட கதிர் தோல்வரை எப்படிப் போகும்?

கதை ஏன் இவ்வளவு நாள் நின்றது என்று யோசிக்கிறேன். எங்கிருந்தோ ஒரு கருணை வந்து அந்த விலங்கைச் சூடாக்க வேண்டும் என்று நமக்கு ஆசை. ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கும் நி-ஓலசுண்ட் சிற்றூரில், அக்டோபர் கடைசியில் இறங்கும் சூரியன் பிப்ரவரி நடுப்பகுதி கழிந்த பிறகுதான் மறுபடி முகம் காட்டும். கரடிகள் நடமாடும் நிலம் அது. கோடையில் அந்தக் கறுப்புத் தோல் கொஞ்சம் வெயிலை வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு வெயிலே இல்லாத அந்த நான்கு மாதங்களும் கரடி பனியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் சூடு முழுவதும் தின்றதிலிருந்து வந்தது. வந்ததைப் போகவிடாமல் வைத்திருப்பது மட்டுமே ரோமத்தின் வேலை.

*

தின்றது என்பது சீல். அதிலும் பெரும்பாலும், உடம்பில் வளையம் வளையமாகத் தடம் உள்ள சின்ன வகைச் சீல்.

கடல் உறைந்து மேலே பாளம் கட்டிய பிறகும் சீல் மூச்சு விட வேண்டும். தன் முன்துடுப்பின் நகங்களால் பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டி மூச்சுத் துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் பார்வைக்குத் துளை தெரியாது. கரடி மோப்பத்தால் கண்டுபிடிக்கிறது. பிறகு அதன் அருகில் வயிற்றை அழுத்திப் படுத்து, தாடையைத் தரையோடு வைத்துக் காத்திருக்கிறது. ஒரு சீல் பல துளைகள் வைத்திருக்கும். இந்தத் துளைக்கு எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில வேளை மணிக்கணக்காகும். காலை ஒருமுறை மாற்றி வைத்தால்கூட அந்த அதிர்வு பனிக்கட்டி வழியே நீருக்குள் போய்விடும்.

இந்தக் காத்திருப்பைப் பொறுமை என்று புகழ எனக்கு முதலில் கை எழுந்தது. கரடியின் உடம்பைக் கவனித்தால் அதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஓரிட்ஸ்லாண்டும் சக ஆய்வாளர்களும் கரடிகளை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். வேகம் கூடக்கூட உடம்பு சூடேறிக்கொண்டே போனது. வெப்பத்தை வெளியே விடாத உடம்பு, தானே உண்டாக்கும் வெப்பத்தையும் எளிதில் வெளியே விட முடியாமல் மாட்டிக்கொள்கிறது. துரத்திப் பிடிப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. மூக்கு, காது, பாதம், தொடையின் உட்புறம் என்று ரோமம் குறைந்த சில இடங்களே அதன் வாசல்கள். நடந்து களைத்த கரடி நான்கு காலையும் பரப்பிப் பனியில் வயிறு பட விழுந்து கிடப்பது இளைப்பாற மட்டும் இல்லை. அந்த வாசல்கள் வழியே சூட்டைப் பனிக்கு இறக்குகிறது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு விலங்குக்கு வேர்க்காத குறை. அசையாமல் கிடப்பது அந்த உடம்புக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

சீலின் தலை மேலே வந்த நொடியில் எல்லாம் முடிந்துவிடும். வாயால் கவ்வித் துளை வழியே மேலே இழுக்கும். முதலில் தின்பது தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும். நிறைய அகப்படும் பருவத்தில் இறைச்சியை நரிக்கும் பறவைக்கும் விட்டுவிட்டுப் போய்விடும். வீணாக்குகிறது என்று எண்ணத் தோன்றும். கடலின் மேல் நிற்கும் கரடிக்குக் குடிக்க நன்னீர் இல்லை. பனியைத் தின்று உடம்புக்குள் உருக்கினால் அதற்கே சூடு செலவாகும். கொழுப்பு எரியும்போது சூட்டோடு நீரும் உண்டாகிறது. இறைச்சியின் புரதம் செரித்தால் யூரியா சேரும், அதைக் கழுவி வெளியேற்ற நீர் வேண்டும். ஆக, கொழுப்பு மட்டுமே அதற்கு உணவும் தண்ணீருமாகிறது. அந்தத் தேர்வின் துல்லியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பு அடங்கவில்லை.

இவ்வளவு கொழுப்பு ரத்தத்தில் ஓடினால் நம் இதயம் என்னவாகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று பனிக்கரடியையும் பழுப்புக் கரடியையும் ஒப்பிட்டது. இரண்டும் பிரிந்து ஐந்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை என்று அது மதிப்பிட்டது. அதற்குள் கொழுப்பைக் கையாளும் மரபணுக்களிலும் இதயம் தொடர்பான மரபணுக்களிலும் மாற்றங்கள் குவிந்திருந்தன. ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்றும் வேலையோடு தொடர்புள்ள ஏபிஓபி என்ற மரபணு அவற்றில் முக்கியமானது. பரிணாமத்தின் கணக்கில் ஐந்து லட்சம் ஆண்டு என்பது அவசரம்.

இந்த உடம்பில் மனிதன் தொடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. சீல்களின் கொழுப்பிலிருந்து வரும் வைட்டமின் ஏ கரடியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். 1597-இல் நோவாயா செம்லியா தீவில் பனியில் சிக்கிய டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸின் ஆட்கள் கரடி ஈரலைச் சமைத்துத் தின்றார்கள். அவர்களில் மூவர் மிகவும் நோயுற்றுத் தோல் உரிந்து கிடந்தார்கள். இன்யூட் மக்கள் அதைத் தொடுவதில்லை.

*

நீரில் இறங்கியதும் கணக்கு மாறுகிறது.

1950-இல் ஷோலாண்டரும் உடன் ஆய்வாளர்களும் அலாஸ்காவின் பாயின்ட் பாரோவில் ஆர்க்டிக் விலங்குகளின் தோல்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார்கள். அவற்றில் பனிக்கரடித் தோலும் உண்டு. காற்றில் அருமையாகக் காக்கும் அந்தத் தோலைப் பனிநீரில் அமிழ்த்தியதும் அதன் காப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்துவிட்டது, அவ்வளவே. நீரில் கரடியைக் காப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. நன்றாகத் தின்ற கரடியிடம் அது 10 செ.மீ. கனம் வரை இருக்கும். அதோடு இன்னொன்றையும் ஜான் வைட்மேன் தலைமையிலான குழு 2015-இல் காட்டியது: குளிர்நீரில் நீந்தும்போது கரடி தன் உடம்பின் வெளி அடுக்குகளைக் குளிரவிட்டு, உள்மையத்தை மட்டும் சூடாக வைத்துக்கொள்கிறது. காக்க முடிந்ததைக் காத்து, மற்றதைக் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்கிறது.

கரையேறிய கரடி செய்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உடம்பை உதறும். பிறகு பனியில் புரளும், தேய்க்கும், முகத்தை உழும். விளையாட்டு மாதிரி இருக்கும். ஈரம் உறைந்து ரோமத்தோடு ஒட்டிப்போவதற்குள் அதை வெளியேற்ற வேண்டிய அவசரம் அது. உறைபனியில் அப்படிப் புரண்டு எழுந்தும் ரோமத்தில் பனிக்கட்டி ஏன் ஒட்டவில்லை?

இதற்கு விடை 2025 தொடக்கத்தில்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நோர்வேயின் பெர்கன், அயர்லாந்தின் டப்ளின் உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் கரடி முடியை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். இயல்பான எண்ணெய்ப்பிசுக்கோடு இருந்த முடியிலிருந்து பனிக்கட்டி மிக இலேசாகக் கழன்றது. எண்ணெய்யைக் கழுவிவிட்ட முடியில் மனித முடியில் ஒட்டுவதைப் போலவே கெட்டியாக ஒட்டிக்கொண்டது. எண்ணெய்யைப் பகுத்துப் பார்த்தபோது அதில் ஸ்குவாலீன் என்ற பொருள் காணப்படவில்லை. நம் தலைமுடியின் எண்ணெய்யில் அது தாராளமாக உண்டு, பனிக்கட்டியை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. கரடியின் உடம்பு அந்த ஒரு பொருளை விலக்கி வைத்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, அந்த ஆய்வு யாரிடம் போய்க் காது கொடுத்தது என்பது. வடமேற்கு கிரீன்லாந்தின் இனுகுயிட் வேட்டைக்காரர்கள் சீலின் மூச்சுத் துளையருகே உட்காரும் முக்காலியின் கால்களுக்கு அடியில் பனிக்கரடித் தோல் துண்டுகளை வைப்பார்கள். பூட்ஸுக்கு அடியிலும் கட்டிக்கொள்வார்கள். மரக்கால் பனிக்கட்டியில் உறைந்து ஒட்டி, எழும்போது ‘சடக்’கென்று பிய்ந்தால் கீழே இருக்கும் சீல் போய்விடும். கரடித் தோல் ஒட்டாது, சத்தமும் செய்யாது. தோலைப் பதப்படுத்தும்போது எண்ணெய் முழுவதும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரியும். ஒரே சீலுக்காக ஒரே துளையருகே காத்திருந்த இருவரில், மனிதன் கரடியைப் பார்த்துக் கற்றிருக்கிறான். ஸ்குவாலீன் என்ற பெயர் இல்லாமலே அந்த அறிவு தலைமுறை தலைமுறையாக முழுமையாக இருந்திருக்கிறது.

*

பாதங்களைப் பற்றிக் கொஞ்சம். முன்பாதம் 30 செ.மீ. அகலம் வரை இருக்கும். மெல்லிய பனிக்கட்டி மீது எடையைப் பரப்பி வைக்கவும், நீரில் துடுப்பாக வீசவும் அதுவே. உள்ளங்காலில் சின்னச் சின்ன மென்முட்கள் நிறைந்திருக்கும். அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் பல கரடி இனங்களின் உள்ளங்காலை ஒப்பிட்டார்கள். பனிக்கரடியின் முட்கள் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வரை உயரம். பனியில் வழுக்காமல் பிடிக்கும் உராய்வை அவை 30 முதல் 50 விழுக்காடு வரை கூட்டுகின்றன. பாதத்தைச் சுற்றி ரோமம் மூடியிருப்பதால் பனியைத் தொடும் வெற்றுத்தோலின் பரப்பு குறைவு. குறைந்த பரப்பில் அதிகப் பிடிப்புக்காகவே முட்கள் உயர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

*

இந்தப் பெரிய உடம்பு தொடங்கும் இடம் மிகச் சிறியது.

நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில், பனிமேட்டுக்குள் தாய் தோண்டிய வளையில் குட்டி பிறக்கிறது. எடை சுமார் அறுநூறு கிராம், ஓர் உரித்த தேங்காய் அளவு. கண் திறந்திருக்காது. உடம்பில் இருப்பது ரோமம் என்று சொல்லவே முடியாத மெல்லிய பூமயிர். கொழுப்பும் இல்லை. மேலே நான் எழுதிய எதுவும் அதனிடம் இல்லை. வெளியே ஒரு இரவைக்கூட அது கடக்காது.

இருப்பதெல்லாம் தாய். பனிச்சுவர் காற்றைத் தடுக்கிறது, தாயின் உடம்புச் சூடு வளைக்குள்ளேயே தங்குகிறது, வெளியைவிட உள்ளே பல டிகிரி கதகதப்பு. தாய் சுருண்டு படுத்து, தன் தொடைக்கும் மார்புக்கும் இடையில் குட்டியை இருத்தி, அதன்மேல் மூச்சு படும்படி வைத்திருக்கும். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்குதான். வளைக்குள் அந்தப் பாலைக் கொடுக்கும் காலம் முழுவதும் தாய் ஒன்றும் தின்பதில்லை, குடிப்பதில்லை. ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், கோடையில் பனி உருகிக் கரையேறிய நாளிலிருந்து வசந்தத்தில் குட்டிகளோடு பனிக்குத் திரும்பும் நாள்வரை சில தாய்கள் எட்டு மாதம் பட்டினி கிடக்கின்றன. கருவும் பாலும் சூடும் எல்லாம் போன வசந்தத்தில் தின்ற சீல்களிலிருந்து வந்தவை. அந்தக் கணக்கை நிதானமாக ஒருமுறை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தாயின் மேல் படிந்த கொழுப்பு இருட்டில் இன்னோர் உடம்பாக மாறுகிறது.

மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது குட்டி பத்து கிலோவைத் தாண்டியிருக்கும். ரோமம் வந்துவிட்டது. 1979-இல் பிளிக்ஸ், லென்ட்ஃபர் என்ற இருவர் வளையை விட்டு வெளிவரும் வயதுக் குட்டிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த வயதில் கடும் குளிர்காற்றைக் குட்டி நன்றாகவே சமாளிக்கிறது. பனிநீரில் நனைந்தால் சமாளிப்பதில்லை. உடம்புச் சூடு விறுவிறுவென்று இறங்கிவிடுகிறது. அடியில் கொழுப்பு போதாது, ரோமமோ நீரில் பயன்படாது. உலர்ந்த குளிருக்கு அது தயார். ஈரத்துக்குத் தயாரில்லை.

*

சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் 1990 டிசம்பரில் ஒரு கரடிக்குட்டி பிறந்தது. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. இனுகா என்று பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் உட்பட அந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒரு தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது. 2004-இல் இனுகாவும் அதன் தாய் ஷீபாவும் பச்சையாகின. அந்த வெற்று முடிகளின் உள்ளே பாசி வளர்ந்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள். 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சிசாலைக் கரடிகளுக்கும் இதுவே நேர்ந்து, ரால்ஃப் லெவின் என்ற பாசியியலாளர் அதை விளக்கியிருந்தார்.

ஆர்க்டிக்கில் காற்றை வைத்திருக்க அமைந்த இடத்தில், வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் பாசி குடியேறியது. அந்தக் கரடிகளுக்கு நோவு ஒன்றும் இல்லை, நிறம்தான் மாறியது. ஆனாலும் அந்தப் பச்சை என்னை நெடுநேரம் நிறுத்துகிறது. குளிரூட்டிய அறை, பனிக்கட்டி, நல்ல மருத்துவர்கள், அன்போடு பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர்கள், எல்லாம் இருந்தும் அந்த உடம்பு ஓர் இடத்துக்கு எழுதப்பட்டது என்பதை ஒரு மயிரிழையே வெளியே சொல்லிவிட்டது. 2018 ஏப்ரலில், 27 வயதில், முதுமையின் நோவுகள் தீராத நிலையில் இனுகாவைக் கருணையோடு உறங்கவைத்தார்கள். இனுகாவுக்குப் பிறகு அங்கே பனிக்கரடி வேண்டாம் என்று தோட்டம் முன்பே முடிவு செய்திருந்தது. சரியான முடிவு. வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் அதுவே முடிவாக வேண்டும்.

*

இனி எழுத வேண்டியது மழையைப் பற்றி.

கிரீன்லாந்தின் வடமேற்கே உள்ள கேன் பேசினிலும் கிழக்குக் கரையிலும் பல ஆண்டுகளாகக் கரடிகளைப் பரிசோதித்த கிறிஸ்டின் லேய்ட்ரேவும் ஸ்டீபன் அட்கின்சனும் 2024-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். கரடிகளின் பாதங்களில் முன்பு அங்கே காணாத காயங்கள். ரோமம் உதிர்ந்து, தோல் வெடித்து, ரத்தம் கசிந்து, பனிக்கட்டி கட்டிப் போயிருந்தது. இரண்டு கரடிகளின் பின்பாதங்களில் ஏறத்தாழ ஓர் அடி விட்டத்துக்குப் பனிக்கட்டி உருண்டைகள் ஒட்டியிருந்தன. அவை நடக்கவே திணறின. வேட்டைக்காரர்களும் இதே மாற்றத்தைச் சொன்னார்கள். காரணமாக ஆய்வாளர்கள் கருதுபவை: குளிர்காலத்தில் பனிமேல் பெய்யும் மழை, உருகி மறுபடி உறையும் பனி, மெல்லிய பாளத்தின் வழியே மேலே ஊறிவரும் கடல்நீர். ஈரமான பனி பாதத்து ரோமத்தில் அப்பி, பிறகு கல்லாக உறைகிறது. உலர்ந்த பனியில் நடக்க அமைந்த பாதம் அது. உயர்ந்த முட்களும் சுற்றியுள்ள ரோமமும் அந்த ஈரத்துக்கு நல்ல பிடிமானமாகிவிட்டன.

2008-இல் போஃபர்ட் கடலில் கழுத்துப் பட்டை பொருத்திய ஒரு பெண் கரடி ஒன்பது நாள் இடைவிடாமல் 687 கி.மீ. நீந்தியது. பனிப்பாளத்தின் விளிம்பு அவ்வளவு தூரம் விலகியிருந்தது. பிறகு ஆய்வாளர்கள் அதைப் பிடித்தபோது உடம்பு எடையில் 22 விழுக்காடு குறைந்திருந்தது. உடன் இருந்த குட்டி இல்லை. பிளிக்ஸும் லென்ட்ஃபரும் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் குட்டியைப் பற்றி மேலும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கனடாவின் சர்ச்சில் நகரைச் சுற்றி, பனியில்லாத மாதங்களில் கரையில் காத்திருக்கும் கரடிகளில் இருபதின் கழுத்தில் ஆண்டனி பகானோவும் குழுவினரும் கேமரா பொருத்தினார்கள். சில படுத்தே கிடந்து சக்தியை மிச்சம் பிடித்தன. சில பெர்ரிகளையும் புல்லையும் பறவைகளையும் தேடித் தின்றன. சில நீந்தித் தேடின. எந்த வழியும் பெரிதாக உதவவில்லை. இருபதில் பத்தொன்பது இளைத்தன, சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ. அந்த வட்டாரக் கரடிகளின் எண்ணிக்கை 1980-களின் இறுதியில் ஏறத்தாழ 1,200. 2016-இல் 842. 2021-இல் 618. சீலைப் பிடிக்க மேடை வேண்டும். மேடை என்பது கடல்மேல் உறைந்த பனி. அந்தப் பனி ஆண்டில் இருக்கும் காலம் சுருங்கிவிட்டது. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் அதற்குக் காரணம் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை.

பிள்ளைகளுக்குப் பனிக்கரடியைச் சொல்லித்தரும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தடித்த ரோமம், கனத்த கொழுப்பு, அதனால் குளிரைத் தாங்கும் என்ற இரண்டு வரியோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். அந்த ரோமம் உலர்ந்திருக்கும்வரைதான் காக்கும், அந்தக் கொழுப்பு பனிமேல் நின்று பிடித்த சீலிலிருந்துதான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.